விருந்தாளித் தண்ணீர்

உப்போடைப்பட்டி ஊராட்சி அலுவலகச் சுவரில் மார்கழி மாதத்து அறிக்கையும் பச்சையாகத்தான் ஒளிர்ந்தது. தொடர்ந்து பதினான்காவது பச்சை. குழாய் வாயெல்லாம் உப்புப் பொரிந்து கிடக்கிற ஊர் அது. அறிக்கைக்குக் கீழே நின்ற ஏழெட்டுப் பேரின் பற்களும் காவி அடித்த மாதிரி இருந்தன. 'குடிநீர் பாதுகாப்பானது. சாட்சி: சீனியம்மாள், மேலத் தெரு' என்று அந்தப் பற்களால் வாசித்து முடித்துவிட்டு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உப்பு விளைகிற ஊரில் ஒரு சீனி, அதுவும் பொய்ச் சீனி என்று யாரோ சொன்னது சீனியம்மாளின் காதில் நன்றாகவே விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் நின்று சண்டை போட முழங்கால் இடம் கொடுப்பதில்லை.

விஷயம் இதுதான். இரண்டாயிரம் பேருக்குக் குறைவாக உள்ள ஊர்களில் தண்ணீரைச் சோதிக்க இப்போது பாட்டிலும் கிடையாது, பரிசோதனைக்கூடமும் கிடையாது. ஊருக்கு ஓர் ஆள், அவ்வளவுதான். அந்த ஆளின் இடது முன்கையில், தோலுக்கு அடியில், துவரம்பருப்பு அளவில் ஓர் உணரி வைத்திருப்பார்கள். அவர் குடிக்கிற தண்ணீர் ரத்தத்துக்குள் போய் என்ன செய்கிறது என்பதை அது ராப்பகலாகக் குறித்துக்கொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை வட்டாரத்திலிருந்து அறிக்கை அலுவலர் வந்து, கைமேல் ஒரு கருவியைக் காட்டி, குறித்ததை எடுத்துக்கொண்டு போவார். அரசாங்கம் அந்த ஆளுக்குக் 'குடிநீர்ச் சாட்சி' என்று பெயர் வைத்தது. உணரிக்கு ஊர் வைத்த பெயர் பருப்பு. சாட்சி குடிக்க வேண்டியது ஊர்த் தொட்டித் தண்ணீர் மட்டுமே என்பது ஒரே நிபந்தனை.

சீனியம்மாளைச் சாட்சியாக்கியதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவளுடையது. மேலத் தெரு, கீழத் தெரு என்று பார்க்காமல் எல்லா வீட்டுக்குள்ளும் போய் உட்காருகிறவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான். பொய் பேசமாட்டாள் என்றும் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது.

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் கடைசிப் பட்டியல் சித்திரையில் மூடுகிறது. அடுத்தடுத்து இரண்டு மாதம் சிவப்பு விழுந்த ஊருக்குத்தான் தாமிரபரணித் தண்ணீர். பட்டியலில் விட்டுப்போனால் அடுத்தது பத்து வருஷம் கழித்துத்தான் என்று சொல்லியிருந்தார்கள். சீனியம்மாளுக்கு இது ஊர் விவகாரம் மட்டுமில்லை. மகன் வயிற்றுப் பேத்தி இதழினிக்கு ஆறு வயது. போன வருஷம் வரைக்கும் நேராக இருந்த கால்கள் முழங்காலுக்குக் கீழே வில்லாக வளைய ஆரம்பித்திருந்தன. ஃப்ளோரைடு எலும்பில் சேருகிறது, முற்றுவதற்குள் தண்ணீரை மாற்றுங்கள் என்றார் டாக்டர். எப்படி மாற்றுவது? வாரத்துக்கு ஒரு கேன் வாங்கத்தான் அந்த வீட்டுக்கு வக்கு. சோறும் குழம்பும் பள்ளிக்கூடத்துத் தண்ணீரும் தொட்டியிலிருந்துதானே வருகின்றன? இந்தப் பச்சையைப் பார்க்கும்போதெல்லாம் தன் கையே தன் பேத்தியின் காலை முறுக்குவதுபோல அவளுக்கு இருந்தது.

கேன் கம்பெனிக்காரன் சீனியம்மாளை விலைக்கு வாங்கிவிட்டான் என்று முதலில் பேசியது யாரென்று தெரியவில்லை. நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும். தொட்டி ஆபரேட்டர் கொண்டல்சாமி மட்டும் அதை முகத்துக்கு நேராகவே கேட்டார். நான் ஏற்றுகிற தண்ணீர் எனக்குத் தெரியாதா, அதைக் குடித்தால் மாட்டுக்கே மூட்டு வலிக்கும், உனக்கு மட்டும் எப்படித்தான் பச்சை விழுகிறது என்றார். சீனியம்மாள் பேத்தியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். தொட்டித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் குடித்ததில்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. சொல்வது பொய் என்று அவளுக்கே தெரியாது.

தை பிறந்து நாலாம் நாள் அறிக்கை அலுவலர் ஜெபராணி சீனியம்மாள் வீட்டுக்கே வந்தார். முப்பத்தோரு ஊர் அவர் பொறுப்பில் இருந்தது. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், இனி எழுந்திருக்க வேண்டியதில்லை என்றால் நல்லது என்பதுபோல உட்கார்ந்தார். கருவியைக் கையில் காட்டினார். பச்சை.

"உங்களைத் திட்ட வரலக்கா," என்றார் ஜெபராணி. "பாட்டில்ல புடிச்ச காலத்துல, எந்தக் குழாய்ல நல்ல தண்ணி வருமோ அதுல போய்ப் புடிச்சாங்க. அப்புறம் தொட்டிக்குள்ள மிஷின் வச்சாங்க. ஒரு ஊர்ல அதைக் கழட்டிக் கேன் தண்ணியில முக்கி வச்சிருந்தாங்க. மனுச உடம்பு பொய் சொல்லாதுன்னுதான் கடைசியில இதைக் கொண்டு வந்தது."

"இப்ப என் உடம்பும் பொய் சொல்லுதுங்கிறீகளா?"

ஜெபராணி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வெயிலில் வந்தவர் நாக்கு வறண்டு உட்கார்ந்திருப்பது அப்போதுதான் சீனியம்மாளுக்கு உறைத்தது. மூலையில் இருந்த கேனைச் சாய்த்து ஒரு டம்ளர் பிடித்தாள். கேனில் அதுதான் மிச்சம். எனக்கும் தாகமாக இருக்கிறது ஆச்சி என்று வந்து நின்ற இதழினியை, மேடம் குடிக்கட்டும், நீ பானையில் மோந்து குடி என்று தள்ளிவிட்டாள். ஒரு மடக்குக் குடித்த ஜெபராணி டம்ளரை இறக்கினார்.

"இது கேன் தண்ணியா?"

"வந்தவுகளுக்குத் தொட்டித் தண்ணியவா குடுப்பாக? நல்லா இருக்கே."

"பிள்ளைக்கு இல்லாமயா எனக்குக் குடுத்தீங்க?"

"பிள்ளை நம்ம பிள்ளை. நீங்க வீட்டுக்கு வந்தவுக."

ஜெபராணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன குடித்தீர்கள் என்று கேட்டார். வீட்டில் ஒரு சொம்பு, தொட்டித் தண்ணீர் என்றாள் சீனியம்மாள். அப்புறம்? அப்புறம் மாத்திரை கொடுக்கப் போய்விட்டாள். மத்தியானம் வரை வெயிலில் சுற்றினாளே, குடிக்கவில்லையா?

"போற வீட்ல குடுப்பாக. அதெல்லாம் குடிக்கிறதுல சேத்தியா மேடம்? அது மரியாதைக்கு."

"எத்தனை வீட்ல குடுப்பாங்க?"

"எல்லா வீட்லயுந்தான். வேண்டாம்னா மூஞ்சி சுருங்கிப் போகுமே."

சொல்லச் சொல்லவே அவள் குரல் தேய்ந்தது. சுப்புத்தாய் வீட்டில் ஒரு டம்ளர். வாத்தியார் வீட்டில் ஒன்று. கொண்டல்சாமி வீட்டில், அவர் பெண்சாதி கையால், ஐஸ் போட்ட மாதிரி ஒரு சொம்பு. கீழத் தெருவில் ஆறு வீடு. இவர்கள் எல்லாருமே தொட்டித் தண்ணீர் குடித்துப் பல் காவியேறியவர்கள்தான். ஆனால் கிழிந்த ஓலைக் கூரைக்குக் கீழேயும் மூலையில் ஒரு கேன் இருக்கும். அது வருகிறவர்களுக்கு. வருஷம் முன்னூற்றறுபத்தைந்து நாளும் அந்த ஊரில் வீடு வீடாக வருகிறவள் சீனியம்மாள் ஒருத்தி. ஊரில் இருந்த நல்ல தண்ணீரையெல்லாம் ஊரே சேர்ந்து அவள் வாயில் ஊற்றியிருக்கிறது. இந்த ஊர் என்ன குடிக்கிறது என்று அறிக்கை ஒருநாளும் சொல்லவில்லை. வந்தவருக்கு என்ன கொடுக்கிறது என்றுதான் பதினான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

சீனியம்மாள் அழுதாள். அவமானத்திலா, ஊரின் அன்பை நினைத்தா என்று கேட்டால் அவளால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. ஜெபராணி மிச்சத் தண்ணீரை இதழினியிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

மறுநாளே ஊர் கூடியது. விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரிப்புத்தான் வந்தது எல்லாருக்கும். கேன் கம்பெனிக் கதையைக் கட்டியவர்கள் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள். கொண்டல்சாமி எழுந்து, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை, அவள் வந்தால் தொட்டித் தண்ணீரையே மோந்து கொடுத்தால் போயிற்று என்றார். பெண்கள் பக்கமிருந்து பதில் உடனே வந்தது. வீடு தேடி வந்தவளுக்குத் தெரிந்தே விஷத்தை எடுத்துக் கொடுக்க எங்கள் கை வராது, வேண்டுமானால் உன் வீட்டில் கொடுத்துக்கொள் என்றார்கள். அவர் பெண்சாதியே முதல் ஆளாக மறுத்தாள். ஆகக் கடைசியில் முடிவானது இது: தை, மாசி இரண்டு மாதமும் சீனியம்மாளுக்கு யாரும் எதுவும் குடிக்கக் கொடுப்பதில்லை. தண்ணீரில்லை, மோரில்லை, காப்பியில்லை. தாகமெடுத்தால் அவள் தன் வீட்டுக்குப் போய்த் தன் பானையில் குடித்துக்கொள்ள வேண்டியது. எல்லாரும் சரி என்றார்கள். தலையாட்டியவர்களில் கீழத் தெரு மாரிக்கனியும் இருந்தாள்.

மாரிக்கனியும் சீனியம்மாளும் தீப்பெட்டி ஆபீசில் பதினெட்டு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து குச்சி அடுக்கியவர்கள். மேலத் தெருப் பெண்கள் கீழத் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்காத காலம் அது. வேலை விட்டு வரும்போது ஒருநாள் சீனியம்மாள் மயக்கமாக வருகிறதென்று மாரிக்கனி வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்த மாரிக்கனி, கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சொம்போடு நின்றாள். சீனியம்மாள் கையை நீட்டி வாங்கிக் குடித்தாள். அதற்காக மாமியாரிடம் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. அன்றையிலிருந்து மாரிக்கனி வீட்டைக் கடக்கும்போது தாகமில்லாவிட்டாலும் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் போவாள். அவர்களுக்குள் சிநேகிதம் என்பதே அந்த ஒரு வாய் தண்ணீர்தான்.

தை கடைசியில் மாரிக்கனி மகளுக்கு வளைகாப்பு வந்தது. சீனியம்மாள் போனாள், வளையல் போட்டாள், சந்தனம் பூசினாள். பெண்ணின் புகுந்த வீட்டார் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். மாரிக்கனி வேலை மும்முரத்தில் எப்போதும்போல ஒரு டம்ளரை நிரப்பிக் கொண்டுவந்து சீனியம்மாளிடம் நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. சீனியம்மாள் வாங்கவில்லை. வந்திருந்தவர்களில் வயதான ஒருத்தி இதைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் சீனியம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள்.

சமையல் நடந்த இடத்துக்குப் பின்னால் போய் சீனியம்மாள் மாரிக்கனியின் கையைப் பிடித்தாள்.

"ஒனக்குத்தான் தெரியுமே மாரி."

"எனக்குத் தெரியும்க்கா. எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? பாத்துக்கிட்டு இருக்கவுகளுக்குத் தெரியணுமே."

சீனியம்மாள் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்தாள்.

அந்த இரண்டு மாதமும் அவள் உடம்பு பட்டபாடு உடம்புக்குத்தான் தெரியும். வயிற்றில் எப்போதும் ஓர் எரிச்சல். விடியற்காலையில் காலை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆனால் அவளை அதிகமாக அலுக்க வைத்தது வேறு. மாத்திரை கொண்டுபோனால் முதல் வாரம் எல்லாரும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். உட்கார வைத்துவிட்டு வெறுங்கையோடு எதிரே நிற்பது அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. தண்ணீர் கொடுக்காமல் பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இரண்டாவது வாரம் வாசலிலேயே மாத்திரையை வாங்கிக்கொண்டார்கள். மாசி பிறந்தபோது அவள் வருகிற நேரத்துக்குக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருக்கவும் சிலர் பழகியிருந்தார்கள். யாருக்கும் அவள்மேல் கோபமில்லை. ஊரை விட்டு ஒதுக்கிவைத்த குடும்பம் ஒன்றைச் சின்ன வயதில் அவள் பார்த்திருக்கிறாள். கோபத்தோடு ஒதுக்கினாலும் கூச்சத்தோடு ஒதுக்கினாலும் ஒதுங்கி நிற்கிறவளுக்கு வெயில் ஒன்றுதான்.

தை அறிக்கை சிவப்பு. மாசி அறிக்கை அதைவிடச் சிவப்பு. பங்குனியில் உப்போடைப்பட்டி பெயர் பட்டியலில் ஏறியது. கொண்டல்சாமி தொட்டிமேல் ஏறி நின்று வெடி போட்டார். அடுத்த ஆவணியில், சொன்னபடி, தாமிரபரணித் தண்ணீர் வந்துவிட்டது. ஊர் முழுக்கக் குழாயடியில் நின்று கையில் ஏந்தி ஏந்திக் குடித்தது. இதழினியின் கால்கள் நிமிரவில்லை. ஆனால் நல்ல தண்ணீர் வந்துவிட்டதால் அதற்குமேல் வளையாது, இனி பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று சீனியம்மாள் ஒரு வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

தண்ணீர் வந்த பத்தாம் நாள் ஜெபராணி வந்தார். முகம் சரியில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தவர், கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"உங்களாலதான்க்கா தெரிஞ்சது. மாவட்டத்துல நானூறு ஊர். எல்லா ஊர்லயும் இதே கதை. ஒரு ஊர் பாக்கியில்லாம சாட்சிக்கு நல்ல தண்ணி குடுத்து வளத்திருக்காங்க. நான் எழுதிப் போட்டேன். மேல பாராட்டுனாங்க."

"நல்லதுதானே."

"அதனால பருப்புக்குள்ள இருக்க புரோகிராமை மாத்திட்டாங்க. இனிமே நீங்க எந்த இடத்துல குடிச்சீங்கன்னும் பதிவாகும். உங்க வீட்டுக் குழாயைத் தவிர வேற எங்க ஒரு வாய் குடிச்சாலும் அந்த மாச அறிக்கை செல்லாது. அறிக்கை செல்லலன்னா ஊருக்கு வர்ற தண்ணி வால்வு தானா மூடிக்கிடும்."

சீனியம்மாளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. இப்போதுதான் எல்லா வீட்டிலும் ஒரே தண்ணீர் வருகிறதே, யார் வீட்டில் குடித்தால் என்ன என்று கேட்டாள். ஜெபராணிக்கும் அது தெரியும். மேலே கேட்டும் பார்த்திருந்தார். உங்கள் ஒரு ஊருக்கு மட்டும் தனி விதி போட முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அப்படியென்றால் இதை எடுத்துவிடுங்கள் என்று கையை நீட்டினாள் சீனியம்மாள்.

"எடுத்துரலாம். வேற ஒருத்தர் வச்சுக்கிட ஒத்துக்கிடணும். போன மாசம் ஊர்ல கேட்டுப் பாத்துட்டேன்க்கா. ரெண்டு மாசம் உங்களைப் பாத்தவங்க யாரு வருவாங்க?"

எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டாள். சாட்சி இருக்கிற வரைக்கும் என்றார் ஜெபராணி. அன்று அவருக்கு சீனியம்மாள் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஊருக்குப் போனார்.

அந்த வாரம் மாத்திரை கொடுக்கப் போனபோது மாரிக்கனி வீட்டுக் கதவு திறந்திருந்தது. மகனுக்குக் கல்யாணமாகி எட்டு நாள். சிவகாசிப் பக்கத்தில் பெரிய ஊர், மருமகள் அங்கேயிருந்து வந்தவள். அவ்வளவு பெரிய ஊர்களில் சாட்சி கிடையாது. வாங்கம்மா என்று வாய்நிறையக் கூப்பிட்டுப் பாயை விரித்தாள். தை, மாசியில் வந்த கூச்சம் போகாமல் யாரும் இப்படிக் கூப்பிட்டு நாளாகிவிட்டதால் சீனியம்மாள் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தாள். பெண் உள்ளே போய்ப் பளபளவென்று துலக்கிய சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, இரண்டு கையாலும் நீட்டினாள். வேர்த்து விறுவிறுத்து வந்தவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தன் வீட்டில் வருகிற அதே தண்ணீர்தான். கை தானாக எழுந்தது. பிறகு ஊர்க் குழாய்களெல்லாம் நினைவுக்கு வந்தன, பேத்தியின் கால் நினைவுக்கு வந்தது.

"வேண்டாம் தாயி," என்றாள்.

பெண்ணின் முகம் கொஞ்சமாக மாறியது. கோபமில்லை, ஆச்சரியம்கூட இல்லை. இதற்கு முன்பும் எங்கேயோ பார்த்துப் பழகிய ஒன்றைப் பார்த்ததுபோல, சரிங்கம்மா என்று சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படியில் அவள் மாமியாரிடம் தணிந்த குரலில் கேட்டதும், மாரிக்கனி அலுப்போடு பதில் சொன்னதும் சீனியம்மாளுக்குத் தெளிவாகக் கேட்டன.

"அத்தே, வெளிய இருக்கவுக மேலத் தெருவா?"

"ஆமா. ஏன்?"

"தண்ணி வேண்டாம்னுட்டாக."

"அது அப்படி இல்ல தாயி. அவுக கையில ஒரு பருப்பு வச்சிருக்கு. வேற வீட்ல குடிச்சா ஊருக்கே தண்ணி நின்னுபோகும். அதனாலதான்."

சொம்பைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்டது.

"எங்க ஊர்லயும் இப்படித்தான் அத்தே," என்றாள். "குடிக்காம இருக்கதுக்கு ஏதாவது ஒண்ணு சொல்லுவாக."